"பேர் விழல மிஸ்": மனநல வாட்டிலிருந்து வீட்டுக்கு வந்துவிட்ட மகள்

அன்புள்ள அம்மா,

மகள் பேராதனையில் தாதியர் பட்டப்படிப்பு, 4 வருடத்தில் மூன்றாவது. மனநல வாட்டுப் பயிற்சிக்குப் போன இரண்டாம் கிழமையே "எனக்கு இது சரிவராது" என்று ஹட்டனுக்கு பஸ் ஏறி வந்துவிட்டாள். நீங்களோ, "பைத்திய வாட்டில் வேலை செய்தவளை நாளைக்கு யார் கட்டுவான்" என்று கேட்டு எழுதியிருக்கிறீர்கள்.

உங்கள் கேள்வியை முதலில் முடித்துவிடுகிறேன். தாதியாகப் படிக்கிற எல்லோரும் அந்த வாட்டுக்குப் போய்த்தான் வரவேண்டும். படித்து முடித்து இலங்கைத் தாதியர் சபையில் பதிவதும் பொதுவான தாதியாகத்தான். அப்புறம் மனநலத்தையே பிடித்துக்கொள்வதா என்பது அவள் விருப்பம். கல்யாணப் பேச்சில் யாரும் வாட்டு இலக்கம் கேட்டு நான் பார்த்ததில்லை. கவர்மெண்ட் வேலையா என்றுதான் கேட்பார்கள்.

இனி மகளின் விஷயம். போனில் அரை மணி நேரம் பேசினேன். அவளுக்கு நோயாளிகளிடம் பயமில்லை. ஒரு நோயாளியின் மனநிலையையும் வாழ்க்கைச் சூழலையும் கேட்டறிந்து உளசமூக மதிப்பீடு எழுதி, அதை வைத்துப் பராமரிப்புத் திட்டம் போட வேண்டும். எழுதிக் கொடுத்ததை ஆசிரியை சிவப்பு மையில் வளைத்துத் திருப்பியிருக்கிறார். இலக்கு என்ற இடத்தில் அவள் எழுதியது: "நோயாளி மகிழ்ச்சியாக இருக்க வேண்டும்." எதை வைத்து அளப்பாய் என்று கேட்டிருக்கிறார். நல்ல ஆசிரியை.

மதிப்பீட்டில் ஒரு பகுதி மனநிலைப் பரிசோதனை. தோற்றம், பேச்சு, எண்ண ஓட்டம், இல்லாத குரல் கேட்கிறதா, நினைவு, தன் நோயைப் பற்றிய புரிதல் என்று வரிசையாகப் பார்க்கலாம், பழகினால் வந்துவிடும். ஒரு கேள்வியை மட்டும் மகள் கேட்காமல் தாண்டியிருக்கிறாள்: உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் வருகிறதா என்பது. கேட்டால் அந்த எண்ணத்தை நாமே விதைத்ததாகிவிடுமோ என்ற பயம். அப்படி ஆகாது. நேராகக் கேட்க வேண்டும், பதிலை அன்றைக்கே பொறுப்புத் தாதியிடம் சொல்ல வேண்டும்.

அடுத்தது அந்த நோயாளியின் வாழ்க்கை. இங்கேதான் உங்கள் மகளின் கையில் இருப்பது அவளுக்கே தெரியவில்லை. தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கிற அந்த அம்மா திரும்பத் திரும்பச் சொன்னது, "எனக்கு பேர் விழல மிஸ்." தோட்டம் தெரியாத ஒருவர் இதைக் கேட்டால் எண்ணம் குழம்பிப் பேசுகிறார் என்று எழுதிவிடலாம். உங்களுக்குத் தெரியும், தோட்டத்தில் பேர் என்றால் ஒரு நாள் வேலைக்கான முழுச் சம்பளம் பதிவாவது, கொழுந்து கிலோ குறைந்தால் அரைப்பேர்தான். கிலோ குறைந்து அரைப்பேர் போட்ட நாட்களை எண்ணி எண்ணித்தான் அந்த அம்மாவுக்குத் தூக்கம் போயிருக்கிறது. மகளுக்கு இது புரிந்திருக்கிறது, ஆனால் "பாடத்தில் இல்லையே" என்று எழுதாமல் விட்டிருக்கிறாள்! எழுத வேண்டியதே அதுதான்.

அதை எழுதினால் திட்டம் தானாக இறங்கிவரும். இலக்கு: 5 நாட்களுக்குள் இரவில் 5 மணி நேரமாவது தூங்குவது. அதற்குத் தாதி செய்வது: பகல் தூக்கத்தைக் குறைப்பது, மாலைக்குப் பிறகு பிளேன்டீயை நிறுத்தச் சொல்வது, மாத்திரையை விழுங்கும்வரை பக்கத்தில் நிற்பது, தினமும் 10 நிமிடம் உட்கார்ந்து பேசுவது. ஐந்தாம் நாள் தூக்கம் வராவிட்டால் திட்டத்தை மாற்றுவது. வீட்டுக்கு அனுப்பும் முன் இன்னொன்றும் உண்டு. கிளினிக்குக்கு வந்தால் அன்றைய பேர் போய்விடும். அதனாலும் சிலர் மாத்திரையை இடையில் விட்டுவிடுகிறார்கள். எந்த நாள் தோதுப்படும், கூட யார் வருவார் என்று அந்த அம்மாவையும் வீட்டாரையும் வைத்துப் பேசித் திட்டத்தில் எழுதட்டும். எல்லா நோயாளிக்கும் ஒரே நாலு வரியைக் கொப்பியடித்த கோப்புகளை நான் பார்த்திருக்கிறேன். அதில் யாருடைய முகமும் தெரியாது.

ஒன்று சொல்ல வேண்டும். வீட்டிலும் அவள் தூங்காமல் புரண்டால் "சமாளி" என்று சொல்லாதீர்கள். ஆசிரியையிடம் சொல்லச் சொல்லுங்கள். 1926 என்ற தேசிய உளநல நிறுவகத்தின் இலக்கம் அவளுக்கும்தான். சிங்களப் பேச்சையும் இன்னும் தேற்றிக்கொள்ளட்டும், வாட்டில் பாதி வேலை அதில்தான் நடக்கிறது.

அரை மணி நேரப் பேச்சில் அந்த நோயாளியின் பெயரையோ தோட்டத்தையோ அவள் ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. நான் கேட்டும் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸில் அனுப்பிவையுங்கள்.