முட்டைக்கோஸ், ப்ரோக்கோலி தினமும் சாப்பிட்டால் பெருங்குடல் புற்றுநோய் வராதா?

உங்கள் வீட்டில் யாருக்கோ இந்தப் பயம் வந்திருக்கிறது என்று நினைக்கிறேன். ஆபத்து கொஞ்சம் குறையலாம். வரவே வராது என்று யாரும் சொல்ல முடியாது. நான் மருத்துவர் இல்லை, சிங்கப்பூர் ஈசூனில் 26 வருடமாகக் குடும்பத்துக்குச் சமைக்கிறவள்.

எங்கள் வீட்டில் வாரம் மூன்று நாள் கோஸ் பொரியல். அதே இனத்தைச் சேர்ந்த முள்ளங்கியில் சாம்பார், கைலான், சாய் சிம் என்ற சீனக் கீரைகள் எல்லாம் உண்டு. அப்படியும் என் கணவருக்கு 54 வயதில் பெருங்குடலில் கட்டி. பார்க்க வந்த நாத்தனார் ஆரஞ்சுப் பையைக் கட்டிலோரம் வைத்துவிட்டு, "ஏன் அண்ணி, அண்ணனுக்குக் காய்கறியே போடமாட்டீங்களா?" என்றார். எனக்கு வாய் வரவில்லை. இரவு வீட்டுக்கு வந்தால், காலையில் நறுக்கிப் போட்டுவிட்டு ஓடிய கோஸ் வடிகூடையில் வாடிக் கிடக்கிறது. அதைப் பார்த்துத்தான் அழுதேன்.

அப்புறம் தேடித் தேடிப் படித்தேன். இந்தக் காய்களில் குளுக்கோசினோலேட் என்ற பொருள் இருக்கிறது. நறுக்கும்போதும் மெல்லும்போதும் காயிலேயே உள்ள மைரோசினேஸ் என்ற நொதி (என்சைம்) அதை, புற்றைத் தடுக்கலாம் என்று கருதப்படும் சல்ஃபோரபேன் போன்றவையாக மாற்றுகிறது. 2018ல் நம் சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், குடல் புற்றுச்செல்லில் போய் ஒட்டிக்கொண்டு இந்தக் காய்களின் குளுக்கோசினோலேட்டை அங்கேயே சல்ஃபோரபேனாக மாற்றும்படி ஒரு நல்ல பாக்டீரியாவை மாற்றியமைத்தார்கள். ஆய்வகக் கிண்ணத்தில் 95 விழுக்காட்டுக்கு மேல் புற்றுச்செல்கள் செத்தன. எலிகளில் கட்டிகளின் எண்ணிக்கை 75 விழுக்காடு குறைந்தது. எனக்கு அதில் பெருமைதான். ஆனால் அந்த பாக்டீரியாவும் சேர்ந்ததால் வந்த பலன் அது, அதுவும் எலிக்கு. வெறும் பொரியலின் கணக்கில் அதை எழுத முடியாது.

காய்கறி வேண்டாம் என்று நான் சொல்வதாக யாரும் சண்டைக்கு வரவேண்டாம். சூட்டில் அந்த நொதி கெட்டுவிடும் என்பதால், இப்போது கோஸை நறுக்கி 40 நிமிடம் விட்டுத்தான் அடுப்பில் ஏற்றுகிறேன். நேரமில்லையென்றால், இறக்கியபின் ஒரு சிட்டிகை பச்சைக் கடுகுப் பொடி தூவுவேன். கடுகிலும் அதே நொதி உண்டு. தாளித்த கடுகு இதற்கு உதவாது.

என் மனதை அறுப்பது வேறு. 50 வயதானவர்களுக்குச் சிங்கப்பூர் புற்றுநோய்ச் சங்கம் இலவசமாகத் தரும் மலப் பரிசோதனைப் பெட்டி, எங்கள் சாமி அலமாரிக்குக் கீழே இரண்டு வருடம் பிரிக்காமலே கிடந்தது. கண்ணுக்குத் தெரியாத ரத்தத்தையும் அது காட்டிக்கொடுக்கும். "நாமதான் காயும் கீரையுமா சாப்பிடுறோமே" என்பார் கணவர். நானும் சரி என்று விட்டுவிட்டேன்.

   

கீமோ முடிந்து அவர் இப்போது நன்றாக இருக்கிறார். எனக்கு 51. போன மாதம் இரண்டு நாள் மல மாதிரி எடுத்து அனுப்பிவிட்டேன். நாத்தனாரையும் பெட்டி வாங்க வைத்தேன். இன்னும் பிரிக்கவில்லையாம். ஞாயிற்றுக்கிழமை நேரில் போகிறேன்.