அடிமரமும் துளிரும்: தாவீதின் சிங்காசனம் பற்றிச் சில கேள்விகள்

பினாங்கில் எங்கள் சபையின் லெந்துகால வேதபாடத்தில் இந்த முறை ராஜாக்களைப் பற்றிப் பார்த்தோம். நேரம் போதாமல் நின்றுபோன கேள்விச்சீட்டுகள் என் வேதாகமத்துக்குள் ஒரு கட்டாகச் சேர்ந்துவிட்டன. அவற்றில் சிலவற்றுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

ஆயர் ஈத்தாம் அக்கா: மேசியா, கிறிஸ்து இரண்டும் ஒன்றா? அது பெயரா, பட்டமா?

பட்டம்தான், அக்கா. எபிரெயத்தில் மாஷியாக், கிரேக்கத்தில் கிறிஸ்தோஸ். இரண்டுக்கும் ‘தைலம் வார்க்கப்பட்டவர்’ என்றுதான் பொருள். பக்கத்து வீட்டு மலாய்க்காரர்கள் ‘அல்மாசிஹ்’ என்பதும் இதே வேரிலிருந்து வந்த சொல்தான்.

அந்தத் தைலம் சாதாரண எண்ணெய் இல்லை. யாத்திராகமம் 30-ல் அளவே இருக்கிறது: வெள்ளைப்போளம் 500 சேக்கல், கருவாப்பட்டை 250, வசம்பு 250, இலவங்கப்பட்டை 500, அதோடு ஒலிவ எண்ணெய். ஒரு சேக்கல் சுமார் 11 கிராம். லிட்டில் இந்தியா மளிகைக்கடையில் பட்டை மூட்டையைப் பிரிக்கும்போது ஒரு வாசனை வருமே, அதை நினைத்துக்கொள்ளுங்கள். அது கர்த்தரை ஆராதித்த கூடாரத்துக்கும் ஆசாரியருக்கும் உரிய தைலம். சாலொமோனை ராஜாவாக்கிய அன்று ஆசாரியர் சாதோக்கு தைலக்கொம்பைக் கூடாரத்திலிருந்துதான் எடுத்து வந்தார்.

ஆக, முதல் ராஜா சவுலும் தைலம் வார்க்கப்பட்டவர், தாவீதும் அப்படியே. பெர்சிய ராஜா கோரேசைக்கூட ஏசாயா 45 அப்படித்தான் அழைக்கிறது. ‘வரப்போகிற அந்த ஒருவர்’ என்ற பொருள் பிறகு வந்து சேர்ந்தது.

ஜெலுத்தோங் தம்பி: ராஜா வேண்டுமென்று கேட்டதே தப்பு என்கிறது 1 சாமுவேல் 8. தாவீதின் சிங்காசனம் என்றைக்கும் நிற்கும் என்கிறது 2 சாமுவேல் 7. இது முரண்பாடு இல்லையா?

நல்ல கேள்வி, தம்பி. தீர்க்கதரிசி சாமுவேல் ஜனங்களிடம் சொன்னதை ஒருமுறை சத்தமாக வாசித்துப் பார். ராஜா உன் மகன்களை எடுப்பான், மகள்களை எடுப்பான், நல்ல வயலை எடுப்பான், பத்தில் ஒன்றை எடுப்பான். எடுப்பான், எடுப்பான் என்றே போகும். ஜனங்கள் கேட்டது ‘மற்ற ஜாதிகளைப் போல’ ஒரு ராஜாவை. பிழை அங்கேதான்.

ராஜா எப்படி இருக்க வேண்டும் என்று உபாகமம் 17 சொல்கிறது. குதிரைகளைப் பெருக்கக்கூடாது, மனைவிகளைப் பெருக்கக்கூடாது, வெள்ளியும் பொன்னும் குவிக்கக்கூடாது. அப்புறம், நியாயப்பிரமாணத்துக்கு ஒரு பிரதி எழுதி வைத்துக்கொண்டு உயிரோடிருக்கும் நாளெல்லாம் வாசிக்க வேண்டும். ராஜா சட்டத்துக்கு மேலே இல்லை, கீழே. சாலொமோன் என்ன செய்தார்? 1,400 ரதங்கள், 700 மனைவிகள், வருடத்துக்கு 666 தாலந்து பொன். மூன்று கட்டளையும் போயிற்று.

இனி 2 சாமுவேல் 7. கர்த்தருக்கு ஒரு வீடு கட்ட தாவீது ஆசைப்படுகிறார். ‘நான் உனக்கு வீட்டை உண்டுபண்ணுவேன்’ என்று பதில் வருகிறது. எபிரெயத்தில் வீட்டுக்கும் வம்சத்துக்கும் ஒரே சொல். எடுக்கிற ராஜாவைக் கேட்டவர்களுக்கு, கொடுக்கிற கடவுளின் வாக்கு அது.

ஆனால் கிமு 586-ல் எருசலேம் எரிந்தது. கடைசி ராஜா சிதேக்கியாவின் கண்களைப் பிடுங்கி பாபிலோனுக்குக் கொண்டுபோனார்கள். சங்கீதம் 89-ன் பின்பாதியை வாசி, கிரீடம் தரையில் கிடக்கிற வேதனை அதில் இருக்கிறது. சிங்காசனம் காலியான பிறகும் ராஜாவைப் பற்றிய சங்கீதங்களைப் பாடுவதை யூதர்கள் விடவில்லை. இருந்த ராஜாக்கள் வாக்குக்குத் தகுதியில்லை என்று தெரிந்ததாலேயே வரப்போகிறவர்மேல் கண் வைத்தார்கள். மேசியாவின் நம்பிக்கை அந்த வலியில் வளர்ந்தது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

ஏசாயா 11 ‘ஈசாயென்னும் அடிமரத்திலிருந்து ஒரு துளிர்’ என்கிறது. ஏன் தாவீது என்று சொல்லாமல், அவர் அப்பா ஈசாயின் பெயர்? அரண்மனைக்கு முந்தின பெத்லகேம் ஆட்டுமந்தையிலிருந்து கடவுள் மறுபடி ஆரம்பிக்கிறார் என்பதால் என்று நினைக்கிறேன். நாம் ‘வாழையடி வாழை’ என்போம். வெட்டின அடியில் கன்று முளைப்பதைப் பார்த்தவனுக்கு இந்த வசனம் விளங்கும்.

பட்டர்வொர்த் ஐயா: நம் மாமன்னரை ஐந்து வருடத்துக்கு ஒருமுறை மலாய் ஆட்சியாளர்கள் தேர்ந்தெடுக்கிறார்கள். இஸ்ரவேலில் அப்படி உண்டா?

இல்லை ஐயா. எருசலேமைத் தலைநகராகக் கொண்ட தெற்கு ராஜ்யமான யூதாவில், ராணி அத்தாலியாள் சிங்காசனத்தைப் பிடித்துக்கொண்ட ஆறு வருடம் தவிர, கடைசிவரை தாவீதின் ஒரே வம்சம். வடக்கே பிரிந்துபோன இஸ்ரவேல் ராஜ்யத்தில் பல தடவை வாள்தான் தேர்ந்தெடுத்தது. ஏறக்குறைய 200 வருடத்தில் 19 ராஜாக்கள், கிமு 722-ல் அசீரியரோடு முடிந்தது.

பாயான் லெப்பாஸ் சகோதரி: ஏசாயா 7:14-ல் ‘கன்னிகை’ என்பதே இல்லை என்று கூட வேலை செய்பவர் சொல்கிறார். உண்மையா?

பாதி உண்மை, சகோதரி. மறைக்க வேண்டாம். ‘ஒரு கன்னிகை கர்ப்பவதியாகி ஒரு குமாரனைப் பெறுவாள், அவருக்கு இம்மானுவேல் என்று பேரிடுவாள்’ என்பது நம் வேதாகமத்தில் அந்த வசனம். எபிரெயச் சொல் ‘அல்மா’, மணவயது வந்த இளம்பெண். இயேசு பிறப்பதற்கு முன்னமே யூதர்கள் செய்த கிரேக்க மொழிபெயர்ப்பு அதை ‘பார்த்தெனோஸ்’, கன்னிகை என்று எழுதியது. சுவிசேஷத்தில் மத்தேயு அதைத்தான் எடுத்தாள்கிறார்.

முதலில் அந்த வசனத்தை யூதாவின் ராஜா ஆகாஸின் காலத்தில் வைத்துப் பாருங்கள். சீரியாவும் வடக்கு இஸ்ரவேலும் சேர்ந்து எருசலேமை நெருக்குகின்றன, ராஜா நடுங்குகிறார். பிள்ளை நன்மை தீமை அறியுமுன் அந்த இரண்டு ராஜாக்களின் தேசமும் பாழாகும் என்பது அவருக்கான அடையாளம். ஆகாஸ் அதை நம்பாமல் அசீரியாவிடம் உதவி கேட்டு ஓடினார். இம்மானுவேல், அதாவது ‘தேவன் நம்மோடிருக்கிறார்’ என்ற அந்தப் பெயர் இயேசுவில் முழுமையடைந்தது என்பது மத்தேயுவின் சாட்சி, என்னுடைய விசுவாசமும் அதுவே. முதல் அர்த்தத்தை அழித்துவிட்டு இரண்டாவதை நிறுத்தத் தேவையில்லை.

பெயர் எழுதாத சீட்டு: குருத்தோலை ஞாயிறில் இயேசு எருசலேமுக்குள் வந்தது ஏன் கழுதைமேல்? ஏழை என்பதாலா?

தாழ்மை உண்டு, ஆனால் ராஜரீகமும் உண்டு. சிங்காசனத்துக்கு ஆசைப்பட்ட தாவீதின் மகன்கள் அப்சலோமும் அதோனியாவும் ரதம், குதிரை, முன்னால் ஓட 50 பேர் என்று ஏற்பாடு செய்தார்கள். தாவீது நியமித்த சாலொமோனோ அப்பாவின் கோவேறு கழுதைமேல் வந்தார். சகரியா 9-ல் ராஜா கழுதைமேல் வருகிறார், அடுத்த வசனத்திலேயே எருசலேமின் குதிரைகள் அற்றுப்போகின்றன. உபாகமம் 17-ல் வேண்டாம் என்ற அதே குதிரைகள். ‘தாவீதின் குமாரனுக்கு ஓசன்னா’ என்று ஓலை பிடித்தவர்கள் கண்ட ஊர்வலத்தில் ஒரு குதிரைகூட இல்லை.