மலை வாழை பத்தி கேளுங்க, தெரிஞ்சத சொல்றேன்

கீழ் பழனி மலையில தாண்டிக்குடி பக்கம் காப்பி, மிளகுக்கு நடுவுல விருப்பாச்சிங்கற மலை வாழை வச்சிருக்கோம், தோட்டத்துலயே ரெண்டு ரூம் போட்டு ஆளுங்கள தங்க வைக்கிறோம். கேளுங்க.

கேள்வி: அண்ணே, கடையில மலைப்பழம்னு தர்றதெல்லாம் ஒரிஜினலா?

பதில்: எல்லாம் இல்ல தம்பி. நாலு நாள் வச்சுப் பாருங்க, ஒரிஜினல்னா தோல் கருத்து சுருங்கும், உள்ள சதை கெட்டியாவே இருக்கும். ஈரம் கம்மி, அதனாலதான் பழனி பஞ்சாமிர்தத்துக்கு இந்தப் பழம், சொட்டு தண்ணி சேக்காம பெசையுறாங்க.

கேள்வி: ஐயா, முன்னாடி மலை முழுக்க வாழைன்னு அப்பா சொல்வாரு, எங்க போச்சு?

பதில்: முடிக்கொத்து நோய்ங்க. 1970கள்ல 18,000 ஹெக்டேர் இருந்தது 2,000க்கு வந்துருச்சுன்னு சொல்றாங்க. இலைக்காம்புல கரும்பச்சையா கோடும் புள்ளியுமா தெரியும், அப்புறம் வர்ற இலையெல்லாம் குட்டையா உச்சியில கொத்தா நிக்கும், தார் தள்ளாது, தள்ளினாலும் தேறாது. மருந்தே கிடையாது. பரப்புறது அசுவினிங்கற சாறு உறிஞ்சுற குட்டிப் பூச்சி, அத முதல்ல கொன்னுட்டுத்தான் மரத்த கிழங்கோட தோண்டணும், இல்லன்னா பக்கத்து தூருக்கு போயிரும். எங்கப்பா வச்ச தூர நானே தோண்டினேன், அன்னிக்கு சோறு இறங்கல.

கேள்வி: தங்க வந்தா ஒரு கன்னு தருவீங்களா?

பதில்: மாட்டேன்மா, கோவிச்சுக்காதீங்க. பாக்க நல்லா இருக்குற கன்னுலயும் நோய் இருக்கலாம், ஊர் விட்டு ஊர் அது போறதே இப்படித்தான். திருச்சி தேசிய வாழை ஆராய்ச்சி மையத்துல திசு வளர்ப்பு கன்னு, அதாவது லேப்ல வளத்த கன்னு பத்தி விசாரிங்க.

கேள்வி: டூரிஸ்ட் வர்றதால வாழைக்கு என்ன லாபம்?

பதில்: நிறைய இருக்குங்க. தார மலைய விட்டு இறக்கினா வண்டி வாடகை, கமிஷன் போக கையில நிக்கிறது கொஞ்சம், அதான் பல பேரு வாழைய எடுத்துட்டு வேற வச்சுட்டாங்க, வந்தவங்க தூருகிட்டயே நின்னு தின்னு பாத்துட்டு சீப்பு சீப்பா வாங்கிட்டு போறப்போ எனக்கு இத எடுக்கவே மனசு வரல, ரூம் வாடகையில வாரம் ஒரு தடவ ஆள் விட்டு ஒவ்வொரு தூரா நோய் பாக்க முடியுது. அந்த ஆள் கூடவே நீங்களும் நடக்கலாம், போன மாசம் ஒரு அஞ்சாங்கிளாஸ் பொண்ணு நாங்க கவனிக்காத நோய்க் கோட்ட காட்டுச்சு!

கேள்வி: எப்ப வரலாம்?

பதில்: ஐப்பசி, கார்த்திகை வேணாம், அட்டை கடிக்கும். வாழைப்பூ வடை வேணும்னா முதல் நாளே சொல்லிருங்க.