இரண்டாவது ஆள் எங்கிருந்து வருகிறான்?

தம்பி, ஒஹையோ மாநிலத்தின் கொலம்பஸுக்குக் குடிவந்து மூன்று மாதம்தான் ஆகிறது என்றும், அலுவலகத்தில் மதிய உணவு வேளையில் அமெரிக்கக் கால்பந்துப் பேச்சு வந்தால் எல்லோரும் "மிச்சிகன்காரர்கள் ஸ்மித்தை யாரைக் கொண்டு மறிப்பார்கள்" என்பதையே பேசிக்கொண்டிருக்க, நீங்கள் மட்டும் டப்பாவில் இருக்கும் தயிர்சாதத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்க வேண்டியிருக்கிறது என்றும் எழுதியிருந்தீர்கள். ஓர் ஆளை மறிக்க இன்னோர் ஆளை நிறுத்தினால் தீர்ந்தது, இதில் வாரக்கணக்கில் பேச என்ன இருக்கிறது என்றும் கேட்டிருந்தீர்கள்.

பேச நிறைய இருக்கிறது. ஆனால் உங்கள் அலுவலகத்தார் கேட்பது பாதிக் கேள்விதான் என்பது என் எண்ணம். உங்கள் ஊரின் ஒஹையோ ஸ்டேட் பல்கலைக்கழக அணியில் பந்து பிடிக்கும் நட்சத்திரமான ஜெரமையா ஸ்மித்துக்கு எதிரே நிற்கப்போகிறவன் யார் என்பதோடு நிறுத்திக்கொள்ளாமல், அவனுக்குத் துணையாக வரும் இரண்டாவது ஆள் எங்கிருந்து வருகிறான், அவன் விட்டுவந்த இடத்தை யார் பார்த்துக்கொள்கிறார்கள் என்றும் கேட்டால்தான் ஒஹையோ ஸ்டேட் – மிச்சிகன் ஆட்டங்கள் பலவற்றின் முடிவு விளங்கும்.

நான் பதினெட்டு ஆண்டுகளாக டொலீடோவில் இருக்கிறேன். இந்த ஊர் யாருக்குச் சொந்தம் என்று 1835-இல் ஒஹையோவும் மிச்சிகனும் ஆள் திரட்டிக்கொண்டு எல்லையில் நின்ற வரலாறு உண்டு. ஊர் ஒஹையோவுக்கு வந்துவிட்டது, ஊராரின் மனம் இன்றும் பாதிப் பாதிதான். எங்கள் தெருவில் எதிரெதிர் வீடுகளில் இரண்டு கொடிகளும் பறக்கும். இரு தரப்புப் புலம்பலையும் கேட்டுப் பழகியவன் என்ற ஒரே தகுதியில்தான் எழுதுகிறேன்.

முதலில் அடிப்படை. ரிசீவருக்கு, அதாவது ஓடிப்போய், எறியப்படும் பந்தைப் பிடிப்பவனுக்கு, தான் எங்கே ஓடப்போகிறோம், எந்த இடத்தில் திரும்பப்போகிறோம் என்பது தெரியும். எதிரே நின்று அவனை மறிக்கும் கார்னர்பேக்குக்குத் தெரியாது. அவன் பின்னோக்கி ஓடிக்கொண்டே எதிராளியின் இடுப்பைப் பார்த்து ஊகிக்க வேண்டும். சடுகுடு ஆடியிருப்பீர்கள் என்றால் இது சுலபமாகப் புரியும். கார்னரில் நிற்பவன் பாய்ந்து காலைப் பிடிப்பது தனக்குப் பின்னால் கவரில் ஒருவன் வருகிறான் என்ற தைரியத்தில்தான். அந்தத் துணை இல்லாவிட்டால் அவன் பாயவே தயங்குவான், பாய்ந்து தவறினால் புள்ளி போய்விடும். இங்கேயும் கார்னர்பேக்குக்குப் பின்னால் சேஃப்டி என்று ஒருவர் ஆழத்தில் நிற்கிறார். அவர் ஸ்மித் இருக்கும் பக்கம் சாய்ந்து நின்றால் கார்னர்பேக் துணிந்து முன்னால் வந்து உரசி நிற்கலாம். அவர், எதிரணி பந்தைக் கையில் வைத்துக்கொண்டு முன்னேறும் ஓட்டத்தைத் தடுக்க முன்னே இறங்கிவிட்டால் கார்னர்பேக் தனியாள்.

கல்லூரி ஆட்டத்தில் இன்னும் சில நுணுக்கங்கள் உண்டு. தொழில்முறை ஆட்டம் பார்த்துவிட்டு வருகிறவர்கள் இவற்றைக் கவனிப்பதில்லை. மைதானத்தின் அகலம் 160 அடி. பந்து வைக்கப்படும் இரு கோடுகளுக்கு இடையே கல்லூரி ஆட்டத்தில் 40 அடி இருக்கிறது. தொழில்முறை ஆட்டத்தில் 18½ அடிதான். ஆகவே பந்து அந்தக் கோடுகளில் ஒன்றில் இருக்கும்போது ஒரு பக்கம் 100 அடி வெளியும் மறுபக்கம் 60 அடி ஒடுக்கமும் கிடைக்கின்றன. நட்சத்திர ரிசீவரை ஒடுக்கமான பக்கத்தில் நிறுத்தினால் பந்து சீக்கிரம் போய்ச் சேரும், ஆனால் எல்லைக்கோடே இன்னொரு தடுப்பாளன் மாதிரி நிற்கும். அகலமான பக்கத்தில் நிறுத்தினால் ஓட இடம் உண்டு, ஆனால் பந்தெறிபவரான குவாட்டர்பேக் நெடுந்தூரம் எறிய வேண்டும், பந்து காற்றில் இருக்கும் நேரத்தில் சேஃப்டி வந்துவிடுவார். அடுத்தது தண்டனைக் கணக்கு. தொழில்முறை ஆட்டத்தில் பந்து வரும்போது ரிசீவரைப் பிடித்து இழுத்தால் தவறு நடந்த இடத்திலேயே பந்தைக் கொடுத்துவிடுவார்கள். கல்லூரியில் அதிகபட்சம் 15 யார்டுதான். ரிசீவரிடம் தோற்றுவிட்டோம் என்று தெரிந்த கார்னர்பேக் சட்டையைப் பற்றி இழுத்துவிட்டு 15 யார்டைக் கட்டிவிட்டுப் போவது, 50 யார்டு டச்டவுனை (பந்தை எல்லைக்குள் கொண்டுசேர்த்துப் புள்ளி எடுப்பதை) கொடுப்பதைவிட லாபம். இதை அநியாயம் என்று என் பக்கத்து வீட்டுக்காரர் ஆண்டுதோறும் கத்துவார். தம் அணி செய்தால் மட்டும் அது சமயோசிதம்.

இனி நடந்தவற்றைப் பார்ப்போம். பெரியவர்கள் இன்றும் பேசுவது 1997-ஆம் ஆண்டு ஆட்டத்தை. நவம்பர் 22, மிச்சிகன் அணியின் ஊரான ஆன் ஆர்பர். ஒஹையோ ஸ்டேட்டின் ரிசீவர் டேவிட் பாஸ்டனும் மிச்சிகனின் கார்னர்பேக் சார்லஸ் வுட்சனும் வாய்ச்சண்டையில் தொடங்கித் தள்ளுமுள்ளு வரைக்கும் போனார்கள். அன்று பாஸ்டன் 56 யார்டு டச்டவுன் ஒன்று பிடித்தார். அதை மட்டும் பார்த்தால் வுட்சன் தோற்றதாகத்தான் சொல்ல வேண்டும். ஆனால் அதே வுட்சன் தம் அணியின் டச்டவுன் எல்லைக்குள் பந்தைப் பறித்தார், எதிரணி உதைத்த பந்தை எடுத்துக்கொண்டு 78 யார்டு ஓடி டச்டவுன் போட்டார், ரிசீவராகவும் நின்று 37 யார்டு பந்து ஒன்றைப் பிடித்தார். மிச்சிகன் 20–14 என்று வென்றது; தடுப்பாட்டத்தை முதன்மையாக ஆடும் ஒருவருக்கு முதல்முறையாக, கல்லூரி ஆட்டத்தின் உச்ச விருதான ஹைஸ்மன் விருது அந்த ஆண்டு கிடைத்தது. அடுத்த ஆண்டு வுட்சன் தொழில்முறை ஆட்டத்துக்குப் போய்விட, கொலம்பஸில் பாஸ்டன் 10 பந்துகளில் 217 யார்டும் இரண்டு டச்டவுனும் எடுத்தார். 31–16 என்று ஒஹையோ ஸ்டேட் வென்றது. ஒற்றைக்கு ஒற்றை என்று பேசுகிறவர்களுக்கு இந்த இரண்டு ஆண்டுகள்தான் வேதம். வுட்சன் மாதிரி ஆள் தலைமுறைக்கு ஒருவர் என்பதை அவர்கள் மறந்துவிடுகிறார்கள்.

அண்மைக் காலத்துக்கு வாருங்கள். 2022-இல் கொலம்பஸில் ஒஹையோ ஸ்டேட்டின் ரிசீவர் மார்வின் ஹாரிசன் ஜூனியர் 7 பந்துகளில் 120 யார்டும் ஒரு டச்டவுனும் எடுத்தார். ஆட்டமோ 45–23 என்று மிச்சிகன் பக்கம். 2023-இல் ஆன் ஆர்பரில் அவருக்கு 5 பந்துகளில் 118 யார்டும் மீண்டும் ஒரு டச்டவுனும் கிடைத்தன. அப்போதும் 30–24 என்று மிச்சிகனே வென்றது. அந்த இரண்டாவது ஆட்டத்தில் ஹாரிசனுக்காக எறியப்பட்ட இரண்டு பந்துகளைப் பற்றி மட்டும் சொல்கிறேன். தொடக்கத்தில் குவாட்டர்பேக் கைல் மெக்கார்ட் எறிந்த ஒன்றை மிச்சிகனின் கார்னர்பேக் வில் ஜான்சன் குறுக்கே புகுந்து பறித்து எல்லைக்கு அருகே வரை கொண்டுபோனார்; மிச்சிகனின் முதல் டச்டவுன் அதிலிருந்து வந்தது. கடைசி நிமிடத்தில், ஒரு டச்டவுன் போட்டால் வெற்றி என்ற நிலையில் மெக்கார்ட் மறுபடியும் ஹாரிசனைத் தேடினார். அவர் கையை வீசும்போதே மிச்சிகனின் ஜெய்லன் ஹாரல் வந்து மோதினார். பந்து தளர்ந்து பறந்து சேஃப்டி ராட் மூரின் கைக்குப் போயிற்று.

அந்தக் கடைசிப் பந்தை நாங்கள் பக்கத்து வீட்டு நிலவறையில் பார்த்தோம். சோபாவின் இடப்பக்கம் ஒஹையோ ஸ்டேட்டின் சிவப்பு, வலப்பக்கம் மிச்சிகனின் நீலம், நடுவில் நானும் சிப்ஸ் கிண்ணமும். இடப்பக்கத்துக்காரர் எழுந்து நின்று "பதினெட்டு! பதினெட்டு!" என்று ஹாரிசனின் எண்ணைச் சொல்லிக் கையை நீட்டினார். திரையில் எல்லோர் கண்ணும் அந்தப் பதினெட்டின் மேல். ஹாரல் வந்ததை மறுஒளிபரப்பில்தான் பார்த்தோம். ரிசீவரை மறிக்கிற வேலையைப் பந்தெறிபவனுக்கு இரண்டு கை தூரத்தில் ஒருவன் செய்து முடித்திருந்தான். அந்த ஹாரிசனும் அந்த ஜான்சனும் 2025-இல் அரிசோனா கார்டினல்ஸ் என்ற தொழில்முறை அணியில் ஒரே சீருடையில் சேர்ந்துவிட்டார்கள் என்பது வேறு கதை.

2024 நவம்பர் 30 அன்று நண்பர் ஒருவர் கடைசி நேரத்தில் வர முடியாமற்போனதால் எனக்கு கொலம்பஸ் மைதானத்துக்குள் நுழையும் வாய்ப்பு கிடைத்தது. மிச்சிகன் ஏறக்குறைய 20 புள்ளி வித்தியாசத்தில் தோற்கும் என்பது பந்தயக்காரர்களின் கணிப்பு. போதாக்குறைக்கு வில் ஜான்சன் காயத்தால் ஆடவில்லை. ஸ்மித்தோ முதலாண்டு மாணவர், அந்தப் பருவம் முழுவதிலும் 1,315 யார்டும் 15 டச்டவுனும் எடுத்து முடித்தவர். இன்றைக்கு இவரை யார் மறிக்க முடியும் என்று எனக்கு முன்வரிசையில் இருந்தவர் ஒருவர் சிரித்துக்கொண்டே கேட்டார். நான் பந்தைப் பார்ப்பதை விட்டுவிட்டு ஸ்மித்தின் நான்காம் எண்ணை மட்டும் பார்ப்பது என்று முடிவு செய்துகொண்டேன். குளிரில் விரல் மரத்துப்போனாலும் அது நல்ல முடிவு. பலமுறை பந்து எடுக்கப்படும் முன்பே சேஃப்டியின் கால் மெல்ல ஸ்மித் நின்ற பக்கம் நகர்ந்துகொண்டிருந்தது. அந்தச் சேஃப்டியை மிச்சிகனால் எப்படி அங்கே ஒதுக்க முடிந்தது என்றால், நடுவில் மேசன் கிரஹாமும் கென்னத் கிராண்டும் மலைபோல் நின்று ஓட்டத்தைப் பார்த்துக்கொண்டார்கள். ஒஹையோ ஸ்டேட்டோ பிடிவாதமாக அந்த மலையின் மேலேயே பந்தைக் கொண்டுபோய் மோதியது. 26 ஓட்டங்களில் 77 யார்டு. ஒவ்வொரு முறை மோதி நின்றதும் ஸ்மித் தூரத்திலிருந்து திரும்பி நடந்து வருவார், இடுப்புத் துண்டில் கையைத் துடைத்துக்கொள்வார், மறுபடியும் போய் நிற்பார். முதல் பாதி முடியும் தறுவாயில் 10 யார்டு டச்டவுன் ஒன்று பிடித்தார். மொத்தம் 5 பந்து, 35 யார்டு. 13–10 என்று மிச்சிகன் வென்றது. முன்வரிசைக்காரர் ஒன்றும் பேசாமல் எழுந்து போனார். யாரோ ஒரு கார்னர்பேக் ஸ்மித்தை மடக்கிவிட்டார் என்று மறுநாள் சிலர் எழுதியதை நான் ஏற்கவில்லை; அவரை மடக்கியதில் பாதிப் பங்கு அந்த இரண்டு பருமனான ஆட்களுக்கும், மீதியில் பெரும்பங்கு சொந்த அணியின் பிடிவாதத்துக்கும் உரியது.

இதற்கு மறுபக்கம் ஆறு வாரத்தில் தெரிந்தது. 2025 ஜனவரி 10 அன்று தேசிய அரையிறுதியில் டெக்சஸ் அணி ஸ்மித்தின் மேல் ஆளுக்கு மேல் ஆள் போட்டு அவரை ஒரே பந்து, 3 யார்டு என்று கட்டிவைத்தது. மறித்தது என்றால் இதைத்தான் மறித்தது என்று சொல்ல வேண்டும். ஆனால் அந்தக் கூடுதல் ஆள் விட்டுவந்த இடங்கள் காலியாகவே கிடந்தன. ஸ்மித்தின் அணித்தோழர் கார்னல் டேட் 7 பந்து பிடித்தார். இன்னொரு தோழர் ட்ரெவியான் ஹெண்டர்சன் கைக்கெட்டும் தூரத்தில் வாங்கிய ஒரு பந்தை 75 யார்டு கொண்டுபோனார். ஒஹையோ ஸ்டேட் 28–14 என்று வென்றது. பத்து நாள் கழித்து அட்லாண்டாவில் இறுதியாட்டம். ஒஹையோ ஸ்டேட் எட்டுப் புள்ளி முன்னிலையில், ஆட்டத்தின் கடைசிக் கட்டத்தில், பந்தைத் தக்கவைக்க மூன்றாவது முயற்சியில் 11 யார்டு தேவை. ஓட்டத்தையும் நிறுத்த வேண்டும், நேரமும் இல்லை என்ற நெருக்கடியில் எதிரணியான நோட்ர டேம் ஸ்மித்தை ஒற்றை ஆளிடம் விட்டது. ஸ்மித் 56 யார்டு பந்து ஒன்றைப் பிடித்தார். கதை முடிந்தது.

ஆக, உங்கள் அலுவலகத்தில் அடுத்த முறை பேச்சு வரும்போது, "யார் மறிப்பார்கள்" என்று அவர்கள் கேட்டால், "மிச்சிகனின் முன்வரிசை நான்கு பேரால் ஓட்டத்தைத் தனியாக நிறுத்த முடியுமா? முடிந்தால்தானே சேஃப்டியை ஸ்மித் பக்கம் அனுப்பலாம்?" என்று கேட்டுப் பாருங்கள். தயிர்சாதத்தை யாரும் கண்டுகொள்ள மாட்டார்கள். இன்னொன்று, மிச்சிகன் என்ற பெயரைக் கொலம்பஸில் பலர் வாயால் சொல்வதில்லை. "வடக்கே இருக்கும் அந்த அணி" என்பார்கள். ஆட்டம் நடக்கும் வாரம் பல்கலைக்கழக வளாகத்தில் எம் என்ற எழுத்தின்மேல் சிவப்பு நாடாவால் குறுக்குக் கோடு போட்டிருப்பதைக் கண்டு பலகை பழுது என்று நினைத்துவிடாதீர்கள். நான் வந்த புதிதில் விவரம் தெரியாமல் மகளின் பிறந்தநாள் விருந்தை அந்தச் சனிக்கிழமை நண்பகலுக்கு வைத்துவிட்டு, நாற்பது பேருக்கான பிரியாணியோடு ஆறு பேர் உட்கார்ந்திருந்தோம்.

2021 முதல் 2024 வரை நான்கு ஆட்டங்களில் தொடர்ந்து தோற்ற வலி உங்கள் ஊரில் எல்லோருக்கும் இருந்தது. அடுத்த ஆட்டத்தன்று முடிந்தால் காலையிலேயே காரை எடுத்துக்கொண்டு டொலீடோவுக்கு வந்துவிடுங்கள், இரண்டரை மணி நேரம்தான். புளியோதரை என் பொறுப்பு. சோபாவில் இடப்பக்கம் ஓர் இடம் காலியாக இருக்கிறது. நீலச் சட்டை மட்டும் வேண்டாம்.