கேதார்நாத்துக்கு அம்மாவை ஹெலிகாப்டரில் அனுப்பலாமா?

ஹெலிகாப்டர் பற்றி நிறையப் பேர் கேட்டிருக்கிறீர்கள். இந்த இதழில் அந்தக் கேள்விகளை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

அம்மாவுக்கு 68 வயது, முழங்கால் வலி. கேதார்நாத் பார்க்க வேண்டும் என்பது ரொம்ப நாள் ஆசை. ஹெலிகாப்டரில் போய்விடலாம் என்கிறான் தம்பி. எனக்கோ 2025-இல் வந்த விபத்துச் செய்திகள்தான் கண்முன் நிற்கின்றன. அனுப்பலாமா? – காரைக்குடி வாசகி

அனுப்பலாம் அம்மா. ஆனால் கையில் இரண்டு மூன்று நாள் உபரியாக வைத்துக்கொண்டு அனுப்புங்கள். ஏன் நாட்கணக்கைப் பேசுகிறேன் என்று பின்னால் சொல்கிறேன்.

உங்கள் பயத்துக்குக் காரணம் இருக்கிறது. 2022 அக்டோபர் 18 அன்று கேதார்நாத்திலிருந்து திரும்பிய ஹெலிகாப்டர் கருட் சட்டி அருகே மலையில் மோதி, உள்ளே இருந்த ஏழு பேரும் இறந்தார்கள். தமிழ்நாட்டிலிருந்து போன பக்தர்களும் அதில் இருந்தார்கள். 2025 மே 8 அன்று கங்கோத்ரி பாதையில் ஆறு பேர் பலியானார்கள். சாலையில் இறக்க முயன்றபோது ஹெலிகாப்டரின் சுற்றும் இறக்கை, தலைக்கு மேலே போன ஒரு கேபிளில் பட்டதாக முதற்கட்ட விசாரணை அறிக்கை சொன்னது. அதற்குப் பிறகு ஆறு வாரம்கூட ஆகவில்லை, ஜூன் 15 விடியற்காலையில், கேதார்நாத் நடைபாதை தொடங்கும் கௌரிகுண்டுக்கு மேலே காட்டுக்குள் இன்னொன்று விழுந்து ஏழு பேர் இறந்தார்கள். அவர்களில் ஒன்று இரண்டு வயதுகூட நிரம்பாத குழந்தை.

இடமே அப்படிப்பட்டது. கோயில் இருப்பது 11,700 அடிக்கு மேலே. அங்கே காற்றின் அடர்த்தி குறைவு, அதனால் இன்ஜினுக்கும் பலம் குறைகிறது, இறக்கைக்கும் தூக்கும் சக்தி குறைகிறது. போகும் வழி மந்தாகினி ஆறு ஓடும் குறுகிய பள்ளத்தாக்கு, போகிறவையும் வருகிறவையும் அதே பள்ளத்தாக்குக்குள்தான். பெரும்பாலும் ஒற்றை இன்ஜின், ஒரே பைலட், அவர் வெளியே கண்ணால் மலையைப் பார்த்துப் பார்த்து ஓட்ட வேண்டும். காலையில் பளிச்சென்று இருக்கும் பள்ளத்தாக்கில் அரை மணி நேரத்துக்குள் கீழிருந்து மேகம் ஏறி வழியை அடைத்துவிடும்.

இதற்கு மேல் மனிதர்கள் கொடுக்கும் அழுத்தம் வேறு இருக்கிறது, எனக்குக் கோபம் வருவதும் இங்கேதான். ஃபாட்டா, சிர்சி, குப்தகாசி ஹெலிபேடுகளிலிருந்து ஒரு நடை ஏறக்குறைய பத்து நிமிஷம்தான். எத்தனை நடை அடிக்கிறார்களோ அவ்வளவு வருமானம். வானிலை ஒத்துழைக்கும் நேரமோ கொஞ்சம். காலையிலிருந்து வரிசையில் நிற்கிறவர்கள், "இங்கே வெயில் அடிக்குதே, அப்புறம் என்ன, கிளம்புங்க" என்று ஊழியர்களை நெருக்குகிறார்கள். நாளைக்கு டெல்லியிலிருந்து ரயில், அதற்குள் தரிசனம் முடிந்தாக வேண்டும் என்று வருகிறவர்கள்தான் அதிகம் நெருக்குகிறார்கள், அவர்களைக் குறை சொல்லவும் மனசு வரவில்லை. அதனால்தான் உபரி நாள் கேட்கிறேன். இன்று பறக்கவில்லை என்றால் நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்ற நிலையில் உங்கள் குடும்பம் இருக்க வேண்டும். அப்படியும் பறக்க முடியாமல் போனால், கௌரிகுண்டிலிருந்து ஆட்கள் சுமந்துபோகும் டோலி இருக்கிறது, குதிரை இருக்கிறது.

டிக்கெட்டை ஐஆர்சிடிசி நடத்தும் ஹெலியாத்ரா தளத்தில் மட்டும் எடுங்கள், போலித் தளங்களில் பணத்தை இழந்தவர்கள் ஏராளம். அம்மாவின் எடையை உள்ளபடி சொல்லுங்கள். அந்த உயரத்தில் ஒவ்வொரு கிலோவையும் கணக்குப் போட்டுத்தான் ஆள் ஏற்றுகிறார்கள். இன்னொன்று, விபத்தைப் பற்றியே யோசிக்கிற நாம் இதை மறந்துவிடுகிறோம்: நடந்து போகிறவர்களின் உடம்பு மெல்ல மெல்ல உயரத்துக்குப் பழகும், ஹெலிகாப்டரில் போகிறவர் பத்து நிமிஷத்தில் அங்கே நிற்பார். மூச்சு வாங்கும், தலை சுற்றும். இதயக் கோளாறோ ரத்த அழுத்தமோ இருந்தால் டாக்டரைக் கேட்காமல் கிளம்ப வேண்டாம்.

சோன்பிரயாகிலிருந்து கேதார்நாத் வரை 12.9 கிலோமீட்டருக்கு ரோப்கார் அமைக்க 2025 மார்ச்சில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்திருக்கிறது. அது சீக்கிரம் வரட்டும்.

பறக்கும்போது இன்ஜின் நின்றுவிட்டால் ஹெலிகாப்டர் அப்படியே கல் மாதிரி விழுந்துவிடும்தானே? – மதுரைக் கல்லூரி மாணவர்

விழாது. பனை ஓலைக் காற்றாடியைப் பிடித்துக்கொண்டு ஓடினால் மோட்டார் இல்லாமலே சுற்றுகிறது இல்லையா, அதே கதைதான். இன்ஜின் நின்றதும் பைலட் உடனே இறக்கைகளின் சாய்வுக் கோணத்தைக் குறைப்பார். கீழே இறங்க இறங்க, அடியிலிருந்து மேலே வரும் காற்று இறக்கைகளைச் சுற்றவைத்துக்கொண்டே இருக்கும். தரை நெருங்கும்போது மூக்கைத் தூக்கி வேகத்தைக் கொன்று, கடைசி நொடியில் கோணத்தைக் கூட்டினால், சுற்றிக்கொண்டிருக்கும் இறக்கையில் மிச்சம் இருக்கிற சக்தியே மெதுவாக இறக்கிவிடும். ஆட்டோரொட்டேஷன் என்பார்கள். பைலட் பயிற்சியில் இது கட்டாயம்.

ஆனால் இதற்கு ஓரளவு உயரமோ முன்னோக்கிய வேகமோ கையில் இருக்க வேண்டும், இறங்க ஒரு திறந்த இடமும் வேண்டும். தாழ்வாக, அசையாமல் அந்தரத்தில் நிற்கும்போது இன்ஜின் போனால் நேரமே இருக்காது. வாலில் சுற்றும் சின்ன இறக்கை, அதாவது வால் இறக்கை, கெட்டாலும் ஆபத்து. 2018 அக்டோபரில் இங்கிலாந்தில் லெஸ்டர் சிட்டி கால்பந்துக் கழகத்தின் உரிமையாளர் இறந்தது அப்படித்தான்: வால் இறக்கையைக் கட்டுப்படுத்தும் பகுதியில் ஒரு பேரிங் பழுதாகி, மைதானத்திலிருந்து எழும்பிய ஹெலிகாப்டர் கட்டுக்கடங்காமல் சுழன்று விழுந்தது. உள்ளே இருந்த ஐந்து பேரும் போய்விட்டார்கள்.

முப்படைத் தலைமைத் தளபதியாக இருந்த ஜெனரல் பிபின் ராவத் வந்தது இரட்டை இன்ஜின், அனுபவசாலி பைலட்கள். எங்கள் ஊரில் அது எப்படி விழுந்தது? – குன்னூர் வாசகர்

2021 டிசம்பர் 8. சூலூரிலிருந்து வெலிங்டன் போன எம்ஐ-17வி5 ரக ஹெலிகாப்டர், இறங்க இன்னும் சில நிமிஷமே இருந்தபோது நஞ்சப்பசத்திரம் அருகே மோதியது, 14 உயிர்கள் போயின. முதலில் ஓடிவந்து தண்ணீர் ஊற்றியவர்கள் உங்கள் ஊர்க்காரர்கள்தான், அதை எப்போதும் நன்றியோடு நினைக்கிறேன். முப்படை விசாரணைக் குழு இயந்திரக் கோளாறும் இல்லை, நாசவேலையும் இல்லை என்றது. பள்ளத்தாக்கில் எதிர்பாராமல் வானிலை மாறியதில் ஹெலிகாப்டர் மேகத்துக்குள் போய், பைலட்டுக்குத் திசையுணர்வு குழம்பி மலையில் மோதியது என்பதுதான் அவர்கள் கண்டது.

திசையுணர்வு குழம்புவது என்றால் வழி தவறுவது என்று நினைக்கிறோம், அது இல்லை. வெளியே எதுவும் தெரியாதபோது உடம்பு உள்காதை நம்புகிறது, உள்காது மெதுவான திருப்பத்தை உணராது. வண்டி ஒரு பக்கம் சாய்ந்து இறங்கிக்கொண்டிருக்கும், நேராகப் போகிறோம் என்று உடம்பு சத்தியம் செய்யும். 2020 ஜனவரி 26 அன்று கூடைப்பந்து வீரர் கோபி பிரையன்ட்டும் மகளும் உட்பட ஒன்பது பேர் இறந்த விபத்தில், மேலே ஏறிக்கொண்டிருப்பதாகக் கட்டுப்பாட்டு அறையிடம் சொன்ன பைலட் உண்மையில் வேகமாக இறங்கிக்கொண்டிருந்தார். அவரை யாரும் விரட்டியதற்குச் சான்று இல்லை. தெரிந்த வாடிக்கையாளரைக் கொண்டுசேர்க்க வேண்டும் என்று அவர் தானே ஏற்றிக்கொண்ட அழுத்தம் என்றுதான் விசாரணை சொன்னது. இப்படி எதிர்பாராமல் மேகத்துக்குள் போன விபத்துகளை ஆராய்ந்த அமெரிக்க ஹெலிகாப்டர் பாதுகாப்புக் குழு, உள்ளே போனதிலிருந்து கட்டுப்பாடு இழக்கும்வரை சராசரியாக 56 விநாடி என்று கணக்கிட்டது. ஒரு நிமிஷம்கூட இல்லை. மேகத்தைப் பார்த்ததும் திரும்புகிற, வயல்வெளியிலாவது இறக்கிவிடுகிற பைலட்டை நாம் கொண்டாட வேண்டும். "பயந்தாங்கொள்ளி" என்று யாராவது சொன்னால் தயவுசெய்து மறுத்துப் பேசுங்கள்.

கணவருக்குக் கடலில் எண்ணெய்க் கிணற்று மேடையில் வேலை. ஹெலிகாப்டர் கடலில் விழுந்தால்? – நாகப்பட்டினம் வாசகி

இன்ஜினும் கியர்பாக்ஸும் மேலே இருப்பதால் தண்ணீரில் ஹெலிகாப்டர் பெரும்பாலும் தலைகீழாகக் கவிழும். அதனால்தான் வேலையில் சேருமுன் நீச்சல் குளத்தில் ஹெலிகாப்டர் கூண்டு ஒன்றில் பெல்ட் போட்டு உட்காரவைத்து, கவிழ்த்து, தப்பிக்கப் பழக்குகிறார்கள். அந்தப் பயிற்சியைக் கடனே என்று முடிக்க வேண்டாம் என்று அவரிடம் சொல்லுங்கள். ஒரு கையால் ஜன்னல் விளிம்பைப் பிடித்துக்கொள்வது, ஆட்டம் அடங்கியபின் பெல்ட்டைக் கழற்றுவது, லைஃப் ஜாக்கெட்டை வெளியே வந்த பிறகே ஊதுவது. உள்ளேயே ஊதினால் அது உங்களை மேலே தூக்கி உள்ளேயே அடைத்துவிடும்.

ஹெலிபேடில் தலையைக் குனிந்துகொண்டு போனால் போதுமா? – சேலம் வாசகர்

குனிவது நல்லதுதான், ஆனால் பின்பக்கம் போகவே கூடாது. வால் இறக்கை சுற்றும் வேகத்தில் கண்ணுக்கே தெரியாது. 2023 ஏப்ரலில் கேதார்நாத் ஹெலிபேடிலேயே அது பட்டு ஓர் அரசு அதிகாரி இறந்தார். முன்பக்கமாக, பைலட் பார்வையில் படும்படி, ஊழியர் கை காட்டிய பிறகே போங்கள். சரிவான இடம் என்றால் எப்போதும் பள்ளத்துப் பக்கமிருந்து ஏறுங்கள். மேட்டுப் பக்கத்தில் இறக்கை தலை உயரத்துக்கு வந்துவிடும். தொப்பி, துண்டு பறந்தால் அதன் பின்னால் ஓட வேண்டாம், குழந்தைகளின் கையை விட வேண்டாம், செல்ஃபியை ஹெலிகாப்டர் போன பிறகு எடுத்துக்கொள்ளலாம்.