கோடு போடுவது பாதி வேலைகூட இல்லை

கேள்வி: பேனாவில் நன்றாகவே வரைவேன். சென்னையில் ஓர் அச்சோவியப் பயிற்சியில் சேர்ந்து, செப்புத் தகட்டில் முதல் எட்சிங் (ஆசிட் அரித்த கோட்டில் மை நிரப்பி அச்செடுக்கும் முறை) செய்தேன். கோயில் மண்டபம், தூண்கள், நிழல். அச்செடுத்தால் எல்லாக் கோடும் ஒரே மாதிரி வெளிறி வந்திருக்கிறது. பிரஸ்ஸில் அழுத்தம் போதவில்லை என்கிறார் கூடப் படிப்பவர். அதுதான் காரணமா?
– வாசகி, தஞ்சாவூர்

பதில்: பிரஸ்ஸின் மேல் பழி போடுவது எல்லா வகுப்பிலும் நடப்பதுதான். தாளை எடுத்துத் தகட்டின் விளிம்புத் தடத்தைப் பாருங்கள். நான்கு பக்கமும் ஒரே அளவில் நன்றாகப் பதிந்திருந்தால் பிரஸ்ஸை விட்டுவிடலாம். சிக்கல் ஆசிட் தொட்டியில் இருக்கிறது, அல்லது மை துடைத்த கையில்.

பேனாவில் அழுத்தினால் கோடு தடிக்கும். எட்சிங் ஊசி அப்படி இல்லை. மேலே பூசிய மெழுகை விலக்கிச் செம்பைக் காட்டுவதோடு அதன் வேலை முடிந்தது. ஆவேசமாகப் போட்ட கோடும் பயந்து போட்ட கோடும் ஆசிடுக்கு ஒன்றுதான். கருமையைத் தீர்மானிப்பது தகடு உள்ளே கிடக்கும் நேரம். நீங்கள் மொத்தத் தகட்டையும் ஒரே தடவையில் போட்டு எடுத்திருப்பீர்கள் என்று தோன்றுகிறது. தூரத்துத் தூண்களுக்கு வேண்டிய அளவு அரித்ததும் தகட்டை எடுத்துக் கழுவி, உலர்த்தி, அந்த இடத்தை வார்னிஷ் பூசி அடைத்துவிட வேண்டும். மறுபடி தொட்டி. அப்புறம் நடுத்தர நிழல்களுக்கு அடைப்பு. கடைசிவரை ஆசிட் குடிப்பது தூணடி இருட்டு மட்டும்.

எத்தனை நிமிடம் என்று அடுத்து கேட்பீர்கள். ஐரோப்பியப் புத்தகங்களில் போட்டிருக்கும் கணக்கு அங்கத்திய குளிருக்கு எழுதியது. தொட்டியில் செம்பை அரிக்கும் ஃபெரிக் குளோரைடு கரைசல் வெப்பம் ஏற ஏற வேகமாக அரிக்கும். சென்னையின் மே மாத மதியமும் மார்கழிக் காலையும் அதற்கு ஒன்றல்ல. ஒரு துண்டுத் தகட்டில் நெருக்கமாகக் கோடு கீறி 5, 10, 20, 40 நிமிடம் எனப் படிப்படியாக அடைத்து அரித்து, அச்செடுத்துச் சுவரில் ஒட்டிவையுங்கள். முதல் படத்துக்கு முன்பே இதைச் செய்யச் சொல்லாத பயிற்சியை நான் பயிற்சி என்றே ஒப்புக்கொள்ள மாட்டேன். இன்னொன்று: செம்பு அரிபடும்போது வண்டல் கோட்டுக்குள் தங்கி, மேற்கொண்டு அரிக்கவிடாமல் தடுக்கும். அதனால் தகட்டைத் தொட்டியில் செங்குத்தாக நிறுத்துங்கள், அல்லது முகம் கீழே இருக்கும்படி முட்டுக்கொடுத்து வையுங்கள்.

இனி மை. தகட்டை லேசாகச் சூடாக்கி, அட்டைத் துண்டால் மையைக் கோடுகளுக்குள் திணிக்க வேண்டும். பிறகு கஞ்சி போட்ட வலைத்துணியை உருட்டி, அடிப்பக்கம் சுருக்கமில்லாமல் இழுத்துப் பிடித்து, வட்டமாகத் துடையுங்கள். துணியின் மடிப்பு கோட்டுக்குள் இறங்கினால் உள்ளே இருக்கும் மையும் கூடவே வந்துவிடும். புதிதாக வருகிறவர்கள் பாத்திரம் தேய்ப்பதுபோல் பளபளக்கும்வரை விடமாட்டார்கள். உங்கள் வெளிறலில் பாதி அங்கே போயிருக்கும். கடைசியில் உள்ளங்கை ஓரத்தில் சாக்பீஸ் தூளைத் தொட்டு மேலோட்டமாக இரண்டு வீச்சு, போதும். தாளும் ஈரமாக இருக்க வேண்டும். ஊறிய பருத்தித் தாளை ஒற்றுத்தாளுக்கு நடுவே வைத்து, மேலே நீரின் மினுமினுப்பு போன பிறகு பிரஸ்ஸில் வையுங்கள். காய்ந்த தாள் கோட்டுக்குள் இறங்கி மையை எடுக்காது.

கேள்வி: தவறான கோட்டை அழிக்க முடியுமா?
– மாணவர், கோவை

பதில்: முடியும், கை வலிக்கும். ஆழமில்லாத கோடென்றால் சுரண்டியால் சீவி, மெருகுக் கம்பியில் ஒரு சொட்டு எண்ணெய் விட்டுத் தேய்த்தால் போய்விடும். ஆழமாக அரித்திருந்தால் சீவிய இடம் பள்ளமாகும், பள்ளத்தில் மை தங்கும். பின்பக்கமிருந்து தட்டி மேலே எழுப்ப வேண்டும். டச்சு ஓவியர் ரெம்பிராண்ட் 1653-இல் செய்த ‘மூன்று சிலுவைகள்’ தகட்டைப் பிறகு எடுத்து, கூட்டத்தில் இருந்த ஆட்களையே தேய்த்து நீக்கிவிட்டு, படத்தை இருளில் மூழ்கடித்தார். இரண்டு நிலைகளின் அச்சுகளையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், அழிப்பதைப் பற்றிய பயம் போய்விடும்.

கேள்வி: வீட்டு மொட்டைமாடியில் எட்சிங் செய்யலாமா?
– வாசகர், நாகர்கோவில்

பதில்: நைட்ரிக் அமிலம் வேண்டவே வேண்டாம். செம்போடு சேர்ந்தால் அது கிளப்பும் பழுப்புப் புகை நுரையீரலுக்கு விஷம். ஃபெரிக் குளோரைடு, அதாவது சர்க்யூட் போர்டு செய்கிறவர்கள் சென்னை ரிச்சி தெருவில் வாங்குவது, அந்த அளவுக்கு மோசமில்லை. ஆனாலும் கையுறையும் கண்ணாடியும் கட்டாயம். வேட்டியில் பட்டால் அந்தக் கறைக்கு விமோசனம் கிடையாது. துத்தநாகத் தகட்டை அதில் போடாதீர்கள், பொங்கிச் சூடேறும். பழைய கரைசலில் செம்பு கலந்திருக்கும், சாக்கடையில் ஊற்றக்கூடாது.

இத்தனை தலைவலி எதற்கு? வீட்டில் ஆசிடே தேவைப்படாத டிரைபாயின்ட் செய்யுங்கள். அக்ரிலிக் தகட்டில் கூர் ஊசியால் நேரே கீறினால், கோட்டின் ஓரத்தில் எழும் பிசிறு மையைப் பிடித்து வெல்வெட் மாதிரி கருமை தரும். சில அச்சிலேயே பிசிறு நசுங்கிவிடும், அதனால் நிறையப் பிரதிகளுக்கு ஆசைப்படாதீர்கள். கீறிய தகட்டைப் பிரஸ் இருக்கும் பட்டறைக்குக் கொண்டுபோய் ஓட்டிக்கொள்ளலாம். போவதற்கு முன் விளிம்புகளை அரத்தால் ராவிச் சாய்த்துவிடுங்கள். கூரான விளிம்பு பிரஸ் கம்பளத்தை அறுத்துவிட்டால், பட்டறைக்காரர் சொல்லும் வார்த்தைகளை இந்தப் பத்திரிகையில் அச்சிட முடியாது.