கேளுங்க சொல்றோம்: பிடிச்சவனை ஏன்யா விட்டான்?

கேள்வி: நீங்க சொன்னீங்கன்னு ‘ஐ ஸா தி டெவில்’ கொரியன் படம் பார்த்தேன். கொலைகாரன் முதல் முக்கா மணி நேரத்துலயே ஹீரோ கையில சிக்கிடுறான். அங்கயே போட்டுத் தள்ளாம விட்டு விட்டு பிடிக்கிறது கிறுக்குத்தனமா தெரியலையா? (தேனியிலிருந்து ஒரு வாசகர்)

கிறுக்குத்தனம்தான், சந்தேகமே வேணாம். ஆனா அது டைரக்டரோட கிறுக்கு இல்ல, ஹீரோவோட கிறுக்கு. நிச்சயம் பண்ண பொண்ணு பனி கொட்டுற ராத்திரி டயர் பஞ்சராகி ரோட்டோரம் வண்டியில உக்காந்திருக்கா, இவன் உளவுத்துறை ஆளு, டியூட்டியில இருந்துட்டே போன்ல பாட்டு பாடி சமாதானம் பண்றான், உதவிக்கு வர்ற மாதிரி வந்து கண்ணாடிய தட்டுற வேன் டிரைவர்தான் அவளைக் கொன்ன அந்த கொலைகாரன். அதுக்கப்புறம் இவனுக்கு அவன் சாகணும்ங்கிறது போதல, அணு அணுவா சாகணும். அதான் அடிச்சு கைய உடைச்சு, ஜிபிஎஸ்ஸும் மைக்கும் இருக்கிற மாத்திரைய தொண்டைக்குள்ள திணிச்சு, பக்கத்துல ஒரு கவர்ல பணமும் வச்சுட்டு போறான் பாருங்க, அந்த பணம்தான் எனக்கு ரொம்ப உறுத்துன விஷயம். பூனை எலிய விட்டுப் பிடிக்கிற கதைதான், ஆனா நடுவுல மாட்டுறது வேற ஆளுங்க. விட்ட கொஞ்ச நேரத்துல அவன் நுழையுற கிளினிக்ல ஒரு நர்ஸ் இருக்கா, அவளுக்கும் இவன் பழிக்கும் என்ன சம்பந்தம்? ஹீரோ வந்து காப்பாத்திடுறான், சரி, ஆனா அவ அந்த நிலைமைக்கு வந்ததே இவன் மறுபடி திறந்து விட்டதாலதானே. குதிகால் நரம்ப அறுத்துட்டு திரும்பவும் விடுறான்! அந்த இடத்துலயே ஹீரோ மேல இருந்த பரிதாபம் எனக்கு பாதி போச்சு. கடைசியில வயித்துக்குள்ள மாத்திரை இருக்கிற விஷயம் கொலைகாரனுக்கே தெரிஞ்சு, மெடிக்கல்ல புகுந்து பேதி மாத்திரைய முழுங்கி அத வெளிய எடுத்ததும் ஆட்டம் தலைகீழா ஆயிடுது. வலியும் பயமும் எனக்கு கிடையாது, நீ எப்பவோ தோத்துட்டங்கிற மாதிரி அவன் சொல்றப்ப பொய்ன்னு சொல்ல முடியல. கிளைமாக்ஸ் சொல்ல மாட்டேன், பார்க்காதவங்க பாவம்.

கேள்வி: அந்த டாக்ஸி சீன் எப்படி எடுத்தாங்க, நடிகர்கள் யாரு? (கோவை வாசகி)

எப்படி எடுத்தாங்கன்னு தெரிஞ்சா நான் ஏன் இங்க உக்காந்து பதில் எழுதிட்டு இருக்கேன்! ஓடுற கார், உள்ள மூணு பேரு, ஒரு கத்தி, கேமரா அவங்கள சுத்திட்டே இருக்கு, நமக்கு தலை சுத்துது. இதுல கூத்து என்னன்னா, நம்ம கொலைகாரன் ஏறுன டாக்ஸியில ஏற்கெனவே இருந்த ரெண்டு பேரும் கொலைகாரனுங்க, நிஜ டிரைவரோட பாடி டிக்கியில கிடக்கு. சிரிக்கவா பயப்படவான்னே தெரியாது. டைரக்டர் கிம் ஜீ-வூன், கொலைகாரனா வர்றது ‘ஓல்ட் பாய்’ சோய் மின்-சிக், ஹீரோ லீ பியுங்-ஹுன், அதான் ‘ஸ்குவிட் கேம்’ல கறுப்பு முகமூடி போட்டுட்டு வருவாரே அவரேதான்.

கேள்வி: அங்க சென்சார்னு ஒண்ணு கிடையாதா? (மதுரை வாசகர்)

ஏன் இல்ல? 2010ல ரிலீசுக்கு முன்னாடி ரெண்டு தடவை ‘கட்டுப்படுத்தப்பட்ட காட்சி’ன்னு ரேட்டிங் குடுத்துட்டாங்க. அந்த ரேட்டிங் படத்தை அதுக்குன்னே இருக்கிற தியேட்டர்ல மட்டும்தான் ஓட்டலாம், அப்படி தியேட்டரே பேருக்குக்கூட இல்லாத ஊரு, ஆக தடை மாதிரிதான். சுமார் ஒன்றரை நிமிஷத்தை வெட்டினப்புறம்தான் பெரியவங்க மட்டும் பாக்கலாம்னு விட்டாங்க. வெட்டியும் அவ்ளோ ரத்தம்னா பாத்துக்கோங்க.

கேள்வி: கொரியாக்காரங்க படத்துல ஏன் எப்பவும் பழிவாங்கல்? நிஜத்துலயும் இப்படித்தானா? (சென்னை வாசகர்)

இந்த படம் கற்பனை. ஆனா போலீஸ், கோர்ட்டு மேல நம்பிக்கை விட்டுப்போன ஆளுங்க அந்த ஊர் படத்துல ஏன் திரும்ப திரும்ப வர்றாங்கன்னு கேட்டா, எனக்கு முதல்ல ஞாபகம் வர்றது ஹ்வாசோங் கேஸ்தான். 1986ல இருந்து 1991 வரைக்கும் ஒரே வட்டாரத்துல 10 பொண்ணுங்க கொலை, ஆளே சிக்கல. அப்ப கொலை கேஸுக்கு 15 வருஷம்தான் காலக்கெடு, அது தாண்டிட்டா ஆள் சிக்கினாலும் தண்டிக்க முடியாது, 2006ல அதுவும் முடிஞ்சு போச்சு. 2015லதான் அந்த கெடுவையே எடுத்தாங்க. 2019ல டிஎன்ஏ டெஸ்ட்ல ஆள் யாருன்னு தெரிஞ்சது, பார்த்தா 1994ல மச்சினிய கொன்ன கேஸுல ஏற்கெனவே ஜெயில்லதான் இருக்கான், இந்த பழைய கொலைகளுக்கு தண்டனையும் குடுக்க முடியாது. இதைவிட கொடுமை, அதுல ஒரு கொலைக்காக வேற ஒரு அப்பாவி கிட்டத்தட்ட 20 வருஷம் உள்ள இருந்துட்டு வந்து, 2020லதான் நிரபராதின்னு தீர்ப்பு வாங்கினாரு. இந்த கேஸ வச்சுத்தான் போங் ஜூன்-ஹோ 2003ல ‘மெமரீஸ் ஆஃப் மர்டர்’ எடுத்தாரு. கொலைகாரன் அந்த படத்தை பார்த்திருக்கான். சும்மா படமா பார்த்தேன், ஒண்ணும் தோணலன்னு கோர்ட்டுல சொன்னானாம்.

கேள்வி: வீட்ல எல்லாரும் சேர்ந்து பாக்கலாமா? (சேலம் வாசகி)

தாயே, வேணாம். அதுவும் சாப்பாட்டு நேரத்துல சத்தியமா வேணாம், அதுல கொலைகாரனோட மனுசக்கறி திங்கிற ஃபிரண்டு ஒருத்தன் வேற வர்றான்.